சுவரில் செருகிய காப்பு

ஈரக் களிமண்ணும் புதுச் சுண்ணாம்பும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் முதலில் விரல்நுனிதான் குளிரும். அதற்கப்புறம்தான் மூக்குக்குச் சேதி போகும். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும் நாளில் கோயில், கடைவீதி என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு நான் கிளம்பிவிடுவேன். எனக்குத் தூசி ஆகாது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள் இப்போது மட்டும் எதற்குத் திறக்கிறாய் என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். பீளமேட்டில் ஒரு மில்லில் என் அம்மா நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை பார்த்தாள். காலைச் சங்கு ஊதுவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு ஓடி, மில் காம்பவுண்டுக்குள்ளேயே பஞ்சு குடோனை ஒட்டியிருந்த ஓட்டுக் கட்டடத்தில் விட்டுவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போவாள். ஆபீஸ் காகிதத்தில் அந்தக் கட்டடத்துக்குப் பாலர் பள்ளி என்று பெயர். மில்லுக்கு வரும் பெண்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆயாவூடு" என்றுதான் சொல்வார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை சுமார் இருபது பிள்ளைகள் இருந்தோம். எங்களுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கவும், மூக்கைத் துடைக்கவும், மத்தியானம் பாய் விரித்துத் தூங்க வைக்கவும் காளியம்மா என்ற ஆயா ஒருத்தி இருந்தாள். பெருத்த உடம்பு, பெரிய குரல், கையில் எப்போதும் ஒரு ஈரத் துணி. அடிப்பேன் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள், ஒரு தடவைகூட அடித்ததில்லை.

எனக்கு நாலரை வயது நடக்கும்போது ராஜி டீச்சர் வந்தார். தெலுங்கு பேசும் நாயுடு வீட்டுப் பெண்; மதராசுக்குப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். ஆனால் அவர் சொல்லிக் கொடுத்ததாக ஒரு எழுத்தோ ஒரு எண்ணோ எனக்கு நினைவில்லை. அதற்குப் பதிலாகத் தகரத் தட்டுகளில் களிமண், ஆற்று மணல், தண்ணீர், பருத்திக்கொட்டை, புளியங்கொட்டை, கோழி இறகு என்று கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொள்வார். "தொட்டுப் பாரு கண்ணு, மோந்து பாரு, அப்புறம் எங்கிட்ட வந்து சொல்லு" என்பார். நாங்கள் போய்ச் சொல்வதை, சொன்னது சொன்னபடி, ஒரு நீளமான நோட்டில் எழுதுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. நாங்கள் கரித்துண்டால் கிறுக்கிய காகிதங்களைக்கூடத் தேதி போட்டுக் கஞ்சிப் பசையால் சுவரில் ஒட்டி வைப்பார்.

எங்கள் அம்மாமார்களுக்கு இது பெரிய வேடிக்கை. சாயங்காலம் அழைத்துப் போக வரும்போது, "ஏனுங்க டீச்சர், எம்புள்ள மண்ணப் பெசஞ்சத எல்லாமா எழுதி வெக்கறீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே எழுதுவார். எனக்கோ அந்த நோட்டுதான் உலகம். நான் சொன்னதும் அந்தப் பேனா காகிதத்தின் மேல் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்டான பெருமையை அதற்கப்புறம் எந்தப் பரிசும் கொடுத்ததில்லை. அந்தப் பெருமைக்காகவே நாள் முழுக்க எதையாவது நோண்டிக்கொண்டு அலைந்தேன்.

கட்டடத்தின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சு குடோன். வெயிலே படாத சுவர் என்பதால் சித்திரை மாதத்திலும் முதுகு குளிர்ந்துபோகும். மத்தியானத் தூக்கத்துக்கு ஆயா எங்கள் பாய்களை அதை ஒட்டித்தான் வரிசையாகப் போடுவாள், கடைசியில் தன் பாயையும் போட்டுக்கொள்வாள். அந்த வருஷம் வெள்ளாமை நன்றாக இருந்ததாம். மார்கழி பிறந்ததிலிருந்து லாரி லாரியாகப் பஞ்சுப் பொதிகள் வந்து இறங்கின. அந்தப் பக்கம் பொதியை அடுக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் எங்கள் தலைக்கடியில் தரை அதிரும். ஒரு நாள் என் பக்கத்துப் பாய்க்காரி மயிலாத்தா, சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து போய், "டீச்சர், செவுத்துக்குள்ள ஆரோ நவுருறாங்க" என்று சொன்னாள். டீச்சர் அதையும் எழுதினார். எழுதிவிட்டுத் தானும் வந்து காதை வைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் கவனித்தேன், ஆனால் அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வெடிப்பைப் பார்த்தோம். மேலே ஓட்டுக்குக் கீழே தொடங்கி என் நெற்றி உயரம் வரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு. முதல் நாள் அதில் சீமாற்றுக் குச்சியை நுழைத்துப் பார்த்தேன், போயிற்று. ஓடிப்போய்ச் சொன்னேன், எழுதிக்கொண்டார். நாலு நாள் கழித்துப் பருத்திக்கொட்டை உள்ளே போயிற்று. அதற்கடுத்த வாரம் புளியங்கொட்டை. நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டோம். காலையில் வந்ததும் இன்றைக்கு எது போகும், எது போகாது என்று எங்களுக்குள் போட்டி. டீச்சர் தடுக்கவில்லை. வாய்க்குள் தெலுங்கில் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று நாட்களை எண்ணிக்கொண்டு, பக்கத்தில் தேதியைப் போட்டு எழுதுவார். ஒரு நாள் என் சுண்டுவிரல் முதல் கணுவரைக்கும் உள்ளே போயிற்று. உள்ளே காற்று சில்லென்றிருந்தது. அன்றைக்கு அவர் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. புளியங்கொட்டையை வைத்தா சுவரை அளக்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். ஆயாவிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

பொங்கல் வந்தது. ஆயா சட்டியில் சுண்ணாம்பைக் கரைத்து நாலு சுவருக்கும் வெள்ளையடித்தாள். வெடிப்பின் மேல் சுண்ணாம்பு மட்டையை இரண்டு தடவை இழுத்தாள், கோடு மறைந்துபோய் மறுநாள் மறுபடியும் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவது வழக்கம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வீட்டுக் கூரை எரவாரத்திலும் மாட்டுச் சாளையிலும் தோட்டத்திலும் செருகுவார்கள். செருகிய காப்பை யாரும் கையால் எடுக்கமாட்டார்கள், அது காய்ந்து தானாகப் போகவேண்டும். டீச்சர் எங்களை மில்லுக்குப் பின்னால் இருந்த வரப்புகளுக்குக் கூட்டிப் போனார். பூளைப்பூவைக் கன்னத்தில் தடவிப் பார்த்தோம், வேப்பிலையை மென்று துப்பினோம், ஆளுக்கொரு கொத்துக் கட்டினோம். எல்லாப் பிள்ளைகளும் ஆயாவைத் தூக்கச் சொல்லி எரவாரத்தில் செருகினார்கள். நான் மட்டும் யார் உதவியும் வேண்டாம் என்று என் காப்பை வெடிப்பில் செருகினேன். கச்சிதமாக நின்றது. டீச்சர் அதையும் எழுதினார்.

பொங்கல் கழிந்து நாங்கள் திரும்பி வந்த அன்றைக்கு என் காப்பு தரையில் கிடந்தது.

எரவாரத்தில் மற்றவர்களுடைய காப்பெல்லாம் அசையாமல் இருந்தன. அம்மா வீட்டில் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. பச்சையாக இருக்கும்போதே காப்பு விழுந்தால் கட்டினவர்களுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டீச்சர் அப்போது அங்கே இல்லை, ஆபீசுக்குப் போயிருந்தார். ஆயா பால் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டிலிருந்து களிமண்ணை அள்ளி, மூலையில் கிடந்த பெட்டி மேல் ஏறி நின்று, எனக்கு எட்டிய வரைக்கும் வெடிப்பில் அப்பி அடைத்தேன். ஆயா செய்வது போலவே உள்ளங்கையை நனைத்து வழவழவென்று தேய்த்தேன். காப்பைப் பழைய இடத்தில் அழுத்திச் செருகினேன். சட்டியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைத் தொட்டு அதன் மேல் பூசினேன். களிமண் வேலையில் நான் கெட்டிக்காரி என்று டீச்சரே எழுதியிருக்கிறார். அன்றைக்கு நான் செய்தது உண்மையிலேயே நல்ல வேலை.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவதற்கும் டீச்சர் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் பின்னால் மில் கட்டட வேலைகளைப் பார்க்கிற மேஸ்திரி வந்தார். பொங்கலுக்கு முன்னாலிருந்தே அலைந்து டீச்சர் எப்படியோ அவரை இழுத்துவந்துவிட்டார். மேஸ்திரி சுவரை மேலும் கீழும் பார்த்தார், கையால் தடவினார்.

"எங்கீங்க டீச்சரம்மா வெடிப்பு? வெள்ளையடிச்சு, காப்புக் கட்டி, செவுரு கல்யாணப் பொண்ணாட்டம் நிக்குதுங்க."

டீச்சர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஈரக் களிமண் வந்தது. எங்கள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார், என் மேல் அவர் கண் நின்றதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. பிறகு, "புள்ளைங்க மண்ண வெச்சு அடைச்சிருக்குதுங்க. இதைப் புடுங்கினா உள்ள எத்தனை ஆழம்னு தெரியுமுங்க" என்று சொல்லிக் காப்பில் கையை வைத்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் வந்தார்.

"காப்புல கை வெக்காதீங்க, டீச்சரம்மா. தை மாசத்துல ஆராச்சும் காப்பப் புடுங்குவாங்களா? அது காஞ்சு தானா உளுகட்டும், நானே வந்து பாத்துப்போட்டுச் சிமெண்டு வெக்கச் சொல்றேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகள் கட்டிய காப்பைப் பிடுங்கினால் அந்தப் பிள்ளைகளுக்கே ஆகாமல் போய்விடும் என்று மனதாரப் பயந்தார். அந்த அறையில் பயந்தவர்கள் மூன்று பேர். அவரும் நானும் காப்புக்காகப் பயந்தோம், டீச்சர் ஒருவர்தான் சுவருக்காகப் பயந்தார். நான்தான் அடைத்தேன், காப்பு ஏற்கனவே ஒரு தடவை தானாக விழுந்துவிட்டது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். விழுந்த காப்புதான் அந்த மேஸ்திரிக்கு வேண்டியிருந்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானமே டீச்சர் எங்கள் பாய்களையெல்லாம் தெற்குத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார். வெயில் சாய்கிற வரைக்கும் அங்கே அனலடிக்கும், ஈ மொய்க்கும். பிள்ளைகள் தூங்காமல் அழுதோம். ஆயா மட்டும் இடம் மாறவில்லை. வெளியில் படுத்தால் தனக்கு மண்டை வெடித்துவிடும் என்றாள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கடைசியில் பாயைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். "எனக்கென்னங்க டீச்சரம்மா, இத்தன வருசமா வெள்ளையடிக்கறவ நானு. இந்தச் செவுத்துக்கு என்னையத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுவர் விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை; நெல் மூட்டையைத் தரையில் போட்டது போல 'மொத்'தென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் ஓடுகள் சரிகிற சத்தம். வாசல் வழியாகச் சுண்ணாம்புத் தூசியும் பஞ்சும் வெள்ளை வெளேரென்று பறந்து வந்தன. நாங்கள் சிரித்தோம். சொல்லவே கூசுகிறது, ஆனால் சிரித்தோம், பறக்கிற பஞ்சைப் பிடிக்க எழுந்து ஓடினோம். டீச்சர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றதும், அவர் தொண்டையிலிருந்து தெலுங்கில் ஏதோ வந்ததும்தான் எங்களை நிறுத்தின. அவர் கைக்கடியில் குனிந்து நான் பார்த்துவிட்டேன். எங்கள் பாய்கள் கிடந்த இடத்தில் பொதிகள் கிடந்தன. ஒரு பொதிக்குப் பக்கத்தில் ஆயாவின் ஈரத் துணி தெரிந்தது. சங்கு ஊதாமலேயே மில்லிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஆயாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை என்பதைப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களாகவே தெரிந்துகொண்டோம்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஆபீஸ் முன்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மில் நிர்வாகத்தைச் சேர்ந்த, வேட்டி மடிப்புக் கலையாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் டீச்சருடைய நோட்டு இருந்தது. டீச்சரேதான் கொடுத்தாராம், இத்தனை நாளாக வெடிப்பு எப்படி விரிந்துகொண்டே வந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று நம்பிக் கொடுத்தார். விசாரிக்க வந்தவரோ அதை வேறு விதமாகப் படித்தார். என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா என் தலையை வாரிவிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, பொய் சொல்லாதே என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அம்மணி, அந்தச் செவுத்து ஓட்டைக்குள்ள நீ என்னென்ன உட்ட?" என்று அன்பாகவே கேட்டார். யாராவது கேட்டால் பார்த்ததையும் தொட்டதையும் ஒன்று விடாமல் சொல்லவேண்டும் என்றுதானே நான் பழகியிருந்தேன். சீமாற்றுக் குச்சி, பருத்திக்கொட்டை, புளியங்கொட்டை, என் விரல், களிமண், காப்பு என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒரு பேனா நான் சொன்னதைக் கேட்டு ஓடுவதைப் பார்த்ததும் எனக்குப் பழைய பெருமை வந்துவிட்டது.

"டீச்சர் பாத்தாங்களா? வேண்டாம்னு சொல்லலியா?"

"பாத்தாங்க. நோட்டுல எழுதுனாங்க" என்றேன்.

அவ்வளவுதான். பிள்ளைகளை விட்டுத் தினமும் சுவரை நோண்டவைத்துப் பலவீனப்படுத்தினார் என்று ராஜி டீச்சர் மேல் எழுதினார்கள். அதற்குச் சாட்சி அவர் கையெழுத்திலேயே தேதி வாரியாக இருந்தது. அந்தப் பக்கம் ஓடு வரைக்கும் அடுக்கிச் சுவரில் சாய்த்து வைத்த பொதிகளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. மயிலாத்தா சுவருக்குள் யாரோ நகர்வதாகச் சொன்னதும் அதே நோட்டில்தான் இருந்தது, அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. மேஸ்திரி ஒரு ஓரமாகத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.  டீச்சர் போகும்போது என் கவுனின் பின்பக்கத்தில் அவிழ்ந்திருந்த நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். நான் சரியாகச் சொன்னேனா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. ஆயாவூட்டைப் பூட்டிவிட்டார்கள். வெகுநாள் வரைக்கும் அம்மா என்னை ரீலிங் பகுதி வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்தாள்.

விவரம் தெரிந்த பிறகுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. கல்லூரியில் சேர்ந்த வருஷம், டீச்சர் பல்லடத்தில் அண்ணன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தையல் மெஷினில் ஒரு பாவாடை பாதி தைத்தபடி இருந்தது. நான் களிமண் வைத்து அடைத்ததையும், காப்பு விழுந்ததை மறைத்ததையும், வேப்பமரத்தடியில் சொன்னதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதேன். என்னைத் திட்டவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. அவர் திட்டவில்லை. அன்றைக்கே தெரியும் என்றார், நாலரை வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும் என்றார். அந்தக் காப்பைத் தானே பிடுங்கியிருக்கவேண்டும், ஒரு ஆள் தடுத்தார் என்று கையை எடுத்தது தன் தப்பு என்றார். நான் பேச்சை மாற்றுவதற்காக, இப்போதும் நோட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"இல்லீங்க கண்ணு. இப்ப நான் எதையும் எழுதறதில்ல" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். மளிகைச் சாமான் பட்டியலைக்கூட அண்ணன் பிள்ளைகளை விட்டுத்தான் எழுதச் சொல்வார் என்று பிறகு அந்த வீட்டில் ஒருவர் சொன்னார். நான் அதற்கப்புறம் போகவில்லை. போயிருக்கவேண்டும்.

இப்போது அந்த மில் இல்லை. சங்கு இல்லை, குடோன் இல்லை, நான் சாட்சி சொன்ன வேப்பமரமும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஆபீஸ் கட்டடங்கள் நிற்கின்றன. வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூளைப்பூ நின்ற இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். பொங்கலுக்குக் காப்பு கடையில் கட்டாகக் கிடைக்கிறது. டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நோட்டு எந்த அலமாரியில் கிடந்து எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்றோ, தெரியாது.

எதிர்வீட்டில் கவிதா என்றொரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. அவள் மூன்று வயது மகளை ஒரு மழலையர் பள்ளியில் விட்டிருக்கிறாள். அங்கேயிருந்து தினமும் அவள் போனுக்குப் படங்கள் வரும். இன்று பாப்பா மணலில் கை அளைந்தாள், இன்று பாப்பா விதைகளைத் தரம் பிரித்தாள் என்று கீழே இரண்டு வரி எழுதியிருக்கும். இந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி என்று பாருங்கள் என்று சாயங்காலம் எனக்குக் கொண்டுவந்து காட்டுவாள். நானும் ஆசையாக வாங்கிப் பார்ப்பேன். போன வாரம் வந்த படத்தில் குழந்தை கையெல்லாம் களிமண்ணாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாப்பா இந்தப் பக்கம் இருக்கறாங்க, நீங்க எங்கீங்கம்மா பாக்கறீங்க?" என்று கேட்டாள் கவிதா.

நான் குழந்தைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில், மேலேயிருந்து கீழே, முடி மாதிரி ஒரு கோடு. போன் கண்ணாடியில் விழுந்த கீறலாக இருக்கலாம். சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "நாளைக்குக் காலையில என்னையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ சாமி" என்று கேட்டேன். மறுநாள் புறப்படும்போது சமையலறை டப்பாவிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.